கண்டியில் ஓர் இரவு: தலதா மாளிகையின் ஆசியும் பழைய அரச நகரமும்

இலங்கைச் சுற்றுலா போகும் நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கண்டி என்பது வழியில் இறங்கி ஏறும் ஊர். காலையில் கொழும்பில் வேன் ஏறினால் பின்னவலையில் யானை, மத்தியானம் தலதா மாளிகை, ஏரிக்கரையில் நாலு படம், இருட்டுவதற்குள் நுவரெலியா. அவர்கள் மாளிகைக்குள் நுழையும் அந்த மத்தியான வேளையில்தான் புத்தரின் பல் என்று போற்றப்படும் புனித தந்ததாது இருக்கும் அறையின் கதவு சாத்தியிருக்கும். மேளம் ஓய்ந்திருக்கும், பூக்கள் வாடியிருக்கும். மரவேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள்.

கண்டிக்கு ஓர் இரவு கொடுங்கள். அதுதான் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. முதல் நாள் மத்தியானம் போய்ச் சேருங்கள், மாலையில் ஊரை நடந்து பாருங்கள், மறுநாள் விடியலில் மாளிகைப் பூசைக்குப் போங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. புனித தந்ததாது யாரிடம் இருக்கிறதோ அவரே நாட்டை ஆளத் தகுந்தவர் என்பது சிங்கள அரச மரபு. அதனால் மாளிகையையும் அரண்மனையையும் ஒரே வளாகத்தில் கட்டினார்கள், சுற்றிலும் காவல் தெய்வங்களின் கோயில்கள் இருந்தன, அதையொட்டி ஊர் வளர்ந்தது. ஊரை முதலில் நடந்து பார்த்தவருக்கு, மறுநாள் அந்தக் கதவு திறக்கும்போது அது என்ன கதவு என்பது விளங்கும்.

எப்போது போவது

முதல்முறை என்றால் எசல பெரஹராக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பௌர்ணமியை ஒட்டி வரும் இந்த ஊர்வலம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது, சாலைகளை அடைத்துவிடுவார்கள், சாவகாசமாக நடக்க இடமிருக்காது. பெரஹராவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கென்று தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

போயா தினம், அதாவது ஒவ்வொரு பௌர்ணமியும், நாடு முழுக்க விடுமுறை. அன்று வெள்ளை உடுத்திய குடும்பங்கள் காலையிலிருந்தே வந்து சில் எடுத்து, அதாவது அன்றைக்கு ஒழுக்க விரதம் ஏற்று, உட்கார்ந்திருக்கும். கூட்டம் மிக அதிகம். ஆனால் பக்தியைப் பக்கத்தில் இருந்து பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. அன்று மதுக்கடைகள் திறக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்து புதன்கிழமை காலை மாளிகைக்குப் போவதையே சொல்வேன். புதன்கிழமைகளில் நானுமுற மங்கல்யம் என்ற நீராட்டுச் சடங்கு நடக்கிறது. மணமூட்டிய மூலிகை நீரால் தந்ததாதுவுக்குக் குறியீடாகச் செய்யும் அபிஷேகம் அது. அந்த நீரை வந்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள், நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு வாங்கிக்கொள்வார்கள். அன்றைய நேரத்தை முந்தின நாளே மாளிகை வாசலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில். அங்கிருந்து கண்டிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 3 மணி நேரம். கண்டிக்காக மட்டும் வருபவர்கள் கொழும்புக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, டிக்கெட் போடுவதற்கு முன் அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கொழும்பில் தங்கியிருந்தால் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் வாருங்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் மலை ஏறுவதால் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். 1867இல் கண்டியை எட்டிய பாதை இது. றம்புக்கனை தாண்டியதும் வண்டி மூச்சுப் பிடித்து ஏறத் தொடங்கும், கடுகண்ணாவை வரை பள்ளத்தாக்கு காலடியில் விரியும். கொழும்பிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கனமழைக் காலத்தில் மண்சரிவால் மலைப்பாதையில் ரயிலை நிறுத்துவது உண்டு. ஓடுகிறதா என்று முந்தின நாள் கேட்டுக்கொண்டு, ஓடவில்லை என்றால் கோட்டைப் பகுதியிலிருந்து பஸ் பிடியுங்கள்.

தங்குமிடத்தை ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். மலைமேல் காட்சி நன்றாக இருக்கும் விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கிருந்து ஆட்டோ தேடி இறங்குவது சிரமம். ஆட்டோவுக்குப் பிக்மீ செயலியை வைத்துக்கொண்டால் பேரம் பேசும் வேலை மிச்சம்.

மொழிக் கவலை வேண்டாம். கண்டி நகரில் மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் கணிசமாக இருக்கிறார்கள், கடைவீதியில் பாதிக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும்.

உடையும் கைப்பையும்

தோளும் முழங்காலும் மறைய வேண்டும், இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. வேட்டி சட்டை, சேலை, சுடிதார் எல்லாம் பொருந்தும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கே வழிபட வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளையில்தான் வருகிறார்கள். அரைக்கால் சட்டையோடு போனால் வாசலில் நிறுத்திவிடுவார்கள், பிறகு அங்கேயே துணி வாங்கிச் சுற்றிக்கொள்ள வேண்டிவரும். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். செருப்பை வெளியே அதற்கான கவுண்டரில் விட வேண்டும், ஆகையால் கழற்றி மாட்ட எளிதானதாகப் போடுங்கள்.

உடம்பில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் இலங்கையில் அதை மறைத்தே வைத்திருங்கள். அதற்காக விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அதேபோல் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இதைக் காவலர்கள் கண்டிப்போடு பார்ப்பார்கள். சிலையைப் படம் எடுப்பதில் தவறில்லை, அதை உங்கள் முகத்துக்குப் பின்னணி ஆக்குவதுதான் தவறு.

கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். வெளிநாட்டவருக்கு மாளிகையில் நுழைவுக் கட்டணம் உண்டு, சார்க் நாட்டவருக்கு அது குறைவு. சலுகையைக் கேட்க அத்தாட்சி வேண்டும். பூவுக்கும் உண்டியலுக்கும் சில்லறை இலங்கை ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பையைப் பெரிதாகத் தூக்கிவர வேண்டாம். 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் நடந்த குண்டுத் தாக்குதலில் உயிர்கள் போயின, முகப்பு சிதைந்தது. அதற்குப் பிறகு சோதனை கடுமையானது. வரிசையில் நின்று பொறுமையாகப் பையைத் திறந்து காட்டுங்கள்.

முதல் நாள் மாலை: தெய்வங்களின் முற்றம்

வெயில் இறங்கியதும் கிளம்புங்கள். மாளிகைக்குள் இன்று போக வேண்டாம். அதற்கு எதிரே இருக்கும் தேவாலேக்களில் தொடங்குங்கள். தேவாலே என்பது புத்த சமயத்தைக் காக்கும் தெய்வங்களுக்கான கோயில். கண்டியைக் காப்பவர்கள் நால்வர்: நாதர், விஷ்ணு, கதிர்காமத்து முருகன், பத்தினி. நாலு கோயில்களும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில்தான் இருக்கின்றன.

நாத தேவாலே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. கருங்கல் சுவர், மேலே சிறு விமானம். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதை எங்கோ பார்த்த உணர்வு உடனே வரும். இங்கே இருப்பவர் நாதர், அதாவது அவலோகிதேஸ்வர போதிசத்துவர். கண்டியில் புதிதாக முடி சூடுபவர் தம் அரசப் பெயரையும் உடைவாளையும் இந்தச் சன்னதியில்தான் பெற்றார்.

பக்கத்திலேயே பத்தினி தேவாலே. பத்தினித் தெய்வம் என்பவள் நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடன் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கஜபாகு மன்னன் அவளுடைய சிலம்பை இங்கே கொண்டுவந்தான் என்பது சிங்கள மரபு. தமிழ்நாட்டில் கண்ணகிக்கு அன்றாடப் பூசை நடக்கும் கோயிலைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இங்கேயோ நகரின் நடுவில், தினமும், பழத்தட்டோடு குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. குழந்தை வரத்துக்கும் அம்மை நோய் தீரவும் அவளைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே நீங்களும் வேண்டிக்கொள்ளலாம். வெளியில் பழத்தட்டு கிடைக்கும். பூசகரைக் கபுரால என்பார்கள். தட்டை வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரைக் கேட்டு, உங்களுக்காகத் தெய்வத்திடம் சிங்களத்தில் விண்ணப்பம் சொல்வார். கைகூப்பி நின்றால் போதும். தட்டில் ஒரு பகுதி பிரசாதமாகத் திரும்பி வரும். தட்சிணை உங்கள் விருப்பம்.

சாலையைக் கடந்து படி ஏறினால் விஷ்ணு தேவாலே. அமைதியான இடம், ஐந்து நிமிடம் உட்காரலாம். கதிர்காம தேவாலே இன்னும் சற்றுத் தள்ளி, கடைவீதி நெரிசலுக்கு நடுவில் இருக்கிறது. மயிலையும் வேலையும் பார்த்ததும் வாசல் தெரிந்துவிடும்.

அங்கிருந்து ஏரிக்கு வாருங்கள். இது இயற்கை ஏரி இல்லை. வயல்வெளியாக இருந்ததைக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1800களின் தொடக்கத்தில் அணைகட்டி ஏரியாக்கினான். சுற்றி நடக்க மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு மணி நேரம் போதும். மாளிகைப் பக்கக் கரையில் வெள்ளைச் சுவரை நின்று பாருங்கள். மேல் விளிம்பு மேகம் சுருண்டது மாதிரி வளைந்து வளைந்து போகும். சுவரில் முக்கோண முக்கோணமாகக் குழிகள், விளக்கு வைப்பதற்காக. இந்த மேகச்சுவர் முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. முடிப்பதற்குள் அரசனைப் பிடித்துவிட்டார்கள்.

அந்த அரசனின் கதையை நடந்துகொண்டே நினைத்துப் பார்ப்பது நல்லது. கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்து வந்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது வாரிசு இல்லாமல் போக, அரசியின் தம்பி அரியணை ஏறினார். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சைவப் பின்னணியில் வந்தவர். ஆனால் இலங்கைப் பௌத்தத்துக்கு அவர் செய்ததைச் சிங்கள பௌத்தர்களே நன்றியோடு சொல்வார்கள். முறையான துறவற தீட்சை அற்றுப்போயிருந்த காலத்தில் சயாம் நாட்டிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753இல் அதை மீட்டார். காவல் தெய்வங்களுக்காக நடந்த பெரஹரா ஊர்வலத்தில் தந்ததாதுவும் முதலிடத்தில் சேர்ந்தது இவர் காலத்தில்தான். கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிங்களப் பிரபுக்களோடு பகைத்துக்கொண்டான். அவர்களில் ஒருவரான எகலப்பொலவின் குடும்பத்தை, சின்னப் பிள்ளைகள் உட்பட, 1814இல் கொன்றான். அந்தப் பிள்ளைகளில் மரணத்துக்குத் துணிந்து முன்வந்த மத்தும பண்டாரவின் சிலை மாளிகை வளாகத்தில் நிற்கிறது. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். பிடிபட்ட அரசனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவன் நினைவிடம்தான். ஒரே மனிதனின் ஏரி இங்கும் சமாதி நம் ஊரிலும் இருக்கின்றன. கண்டியைப் பார்த்துத் திரும்பியவர்கள் வேலூர் போகும்போது அங்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் எங்கும் கிடைக்கும். சீக்கிரம் படுங்கள்.

இரண்டாம் நாள் விடியல்: தேவாவ

மாளிகையில் நாளுக்கு மூன்று பூசை: விடியலில் ஐந்தரை மணி வாக்கில், காலை ஒன்பதரை வாக்கில், மாலை ஆறரை வாக்கில். இதைத் தேவாவ என்பார்கள். உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் செய்வதுபோல முகம் கழுவ நீர், உணவு, பானம் என்று தந்ததாதுவுக்குப் பணிவிடை செய்வதுதான் அது. மாலைப் பூசையில் சுற்றுலாக் குழுக்கள் நிறைந்திருக்கும். விடியற்காலையில் ஊர்க்காரர்கள்தான் இருப்பார்கள். அதனால்தான் விடியலைச் சொல்கிறேன். எழுந்திருக்க முடியாதவர்கள் ஒன்பதரைக்கு வரலாம், அதுவும் நல்லதுதான்.

பூவை வாசலிலேயே வாங்குங்கள். தாமரை, நீல அல்லி, ஈழத்தலரி மூன்றும் இருக்கும். பூக்காரம்மா தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடித்துத் தருவார். அதை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நடக்கும்போது பூவை இடுப்புக்குக் கீழே தொங்கவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திப் போங்கள்.

உள்ளே போனதும் வாசற்படியில் அரைவட்டமாகச் செதுக்கிய சந்திரவட்டக்கல்லைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் மேளக்காரர்கள் நிற்பார்கள். இடுப்பில் சிவப்புத் துணி, வெற்று மார்பு, தவுலும் தம்மட்டமும் ஹொரணாவவும். ஹொரணாவ நம் நாகசுரத்தின் தம்பி மாதிரி, சத்தம் இன்னும் கூர்மை. மேளம் தொடங்கினால் மேலே பூசை தொடங்குகிறது என்று அர்த்தம். அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் மேல்தள வரிசை நீண்டுவிடும். ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் படி ஏறுங்கள்.

மேலே யானைத் தந்தங்கள் இருபுறமும் நிற்க, நடுவில் அந்தக் கதவு. அதன் முன்னே பூ வைக்கும் நீண்ட மேசை. ஒரு வழக்கத்தை இங்கே பார்ப்பீர்கள்: ஒருவர் பூத்தட்டோடு நகரும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அதைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அவர் செய்யும் புண்ணியத்தில் தாங்களும் சேர்ந்துகொள்வது அது. உங்கள் தட்டையும் முன்பின் தெரியாதவர்கள் தொடுவார்கள், நகர்த்திக்கொள்ளாதீர்கள். நீங்களும் மற்றவர் தட்டைத் தொடலாம். பூ வைக்கும்போது சொல்லும் பாலிச் செய்யுளின் பொருள் இது: இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது. வரம் கேட்பது அதில் இல்லை. நம் கோயில் பழக்கத்தில் வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு பூவை வைத்தால், சுற்றி நிற்பவர்கள் ஏன் இவ்வளவு அடங்கி நிற்கிறார்கள் என்பது தெரியும்.

கதவு திறந்ததும் வரிசை நகரும். உள்ளே தெரிவது பல் அல்ல. தாதுகோபுர வடிவில் பொன்னிறமான பெரிய பேழை. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பேழைகள், கடைசிப் பேழைக்குள் தந்ததாது. உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் போனை எடுக்காதீர்கள். பார்த்துவிட்டு நகர்ந்து, பின்னால் தரையில் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். கால்களைப் பேழைப் பக்கம் நீட்டாமல் மடக்கி உட்கார வேண்டும். பூசையின் நிஜமான பகுதி இப்போதுதான் கிடைக்கும். கீழிருந்து மேளம் தரை வழியாக ஏறும், பக்கத்தில் ஒரு பாட்டி வாய்க்குள் ஓதிக்கொண்டிருப்பார், குழந்தைகள்கூடச் சத்தம் போடாது. அரை மணி நேரமாவது இருங்கள்.

பிறகு பின்னால் உள்ள புது மண்டபத்துக்குப் போங்கள். அங்கே சுவரில் வரிசையாக 21 ஓவியங்கள், தந்ததாது இலங்கை வந்த கதையைச் சொல்கின்றன. கலிங்க நாட்டில் போர் சூழ்ந்தபோது இளவரசி ஹேமமாலி அதைத் தன் கூந்தலுக்குள் மறைத்து, கணவன் தந்தனோடு 4ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தாள் என்பது மரபு. அநுராதபுரத்தில் தொடங்கி, தலைநகர் மாறும்போதெல்லாம் அதுவும் இடம் மாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் விமலதர்மசூரியன் காலத்தில் கண்டிக்கு வந்தது. ஓவியங்களை அவசரமில்லாமல் முதலிலிருந்து பாருங்கள்.

வெளியே வந்தால் அரச மண்டபம், மகுல் மடுவ. செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டது, அன்றோடு இலங்கையில் அரசாட்சி முடிந்தது. அந்த ஒப்பந்தத்திலேயே பௌத்தத்தைப் பாதுகாப்போம் என்று ஆங்கிலேயர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் 1818 கிளர்ச்சியில் தந்ததாதுவைக் கிளர்ச்சிக்காரர்கள் கொண்டுபோய்விட, அது திரும்பக் கிடைத்த பிறகுதான் ஆங்கிலேயர் மூச்சு விட்டார்கள். பக்கத்தில் ராஜா என்ற யானைக்கு ஒரு சிறு காட்சியகம் இருக்கிறது. பெரஹராவில் பேழையைச் சுமந்த அந்த யானை 1988இல் இறந்தது, உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

பிரித் நூல்

கையில் வெள்ளை நூல் கட்டிய சிங்களவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிரித் நூல். பிரித் என்பது காப்புக்காக ஓதும் புத்தர் மொழிகள். மங்கள சூத்திரம், ரத்தின சூத்திரம், கரணீய மெத்த சூத்திரம் மூன்றும் அதில் முக்கியம். முழு இரவுப் பிரித் ஓதும்போது ஒரு நூலை நீர்க்குடத்தில் சுற்றி, ஓதும் பிக்குகளின் கை வழியாகக் கேட்பவர்கள் கைவரை நீட்டிப் பிடித்திருப்பார்கள். ஓதி முடிந்ததும் அந்த நீரைத் தெளித்து, நூலைத் துண்டு துண்டாக எடுத்து மணிக்கட்டில் கட்டுவார்கள்.

மாளிகையிலேயே சில வேளை ஒரு பிக்கு நூலோடு அமர்ந்திருப்பார். ஆனால் அங்கே கூட்டம் தள்ளும். சாவகாசமாக வேண்டும் என்றால் ஏரியின் மறுகரையில் இருக்கும் மல்வத்து விகாரைக்கு நடந்து போங்கள். உபாலி தேரர் மீட்ட தீட்சை வழியில் வரும் பிக்குகளின் பிரிவான சயாம் நிகாயத்தின் இரண்டு பீடங்களில் ஒன்று அது, மற்றது அஸ்கிரி. இலங்கையில் பதவி ஏற்கும் தலைவர்கள் முதலில் வந்து வணங்குவது இந்த இரண்டு பீடங்களின் மகாநாயக்க தேரர்களை, அதாவது தலைமைப் பிக்குகளைத்தான். நீங்கள் மகாநாயக்கரைத் தேட வேண்டியதில்லை. அங்கே தென்படும் எந்தப் பிக்குவிடமும் பணிவோடு கேட்கலாம். "ஹாமுதுருவனே" என்று அழைப்பது மரியாதை. அவர் ஓய்வாக இருந்தால் உட்காரச் சொல்வார். அவர் உணவருந்தும் நேரமான பதினொன்றரையிலிருந்து மதியம் வரை தொந்தரவு செய்யாதீர்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டி வணங்குவது அங்குள்ள முறை. சோப்பு, தேயிலை, பால்மா மாதிரியான அன்றாடப் பொருட்களும் நல்ல காணிக்கை. பணத்தை அவர் கையில் திணிக்காதீர்கள், உண்டியலில் போடுங்கள். அவர் ஆசனத்துக்குக் கீழாக, தரையிலோ பாயிலோ உட்காருங்கள். வலக்கையை நீட்டினால் நூலை மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, உதட்டுக்குள் ஓதிக்கொண்டே முடிச்சுப் போடுவார். பெண்கள் கையை நீட்டிவிட்டு அசையாமல் இருந்தால் போதும், தானாக அவரைத் தொட்டுவிடக் கூடாது. முடிந்ததும் மீண்டும் ஒருமுறை வணங்கி எழுங்கள்.

நூல் தானாக அறுந்து விழும்வரை விட்டுவிடலாம். இடையில் எடுக்க நேர்ந்தால் குப்பையில் போடாமல் ஒரு மரத்தடியில் வையுங்கள். ஆசி கிடைத்த கையோடு பலன் எப்போது என்று கேட்கத் தோன்றும். பிரித் ஓதலின் உள்ளடக்கத்தைப் பாருங்கள்: பெற்றோரைப் பேணுவது, நல்லவரோடு சேர்வது, எல்லா உயிரிடத்தும் அன்பு கொள்வது என்று நாம் செய்ய வேண்டியவைதான் அதில் நிறைய.

திரும்பும் வழியில் இரண்டு விகாரைகள்

பத்து, பத்தரைக்குள் மல்வத்து முடிந்துவிட்டால் நேராகக் கொழும்புக்குப் போக வேண்டாம். கண்டி–கொழும்பு சாலையில் பிலிமத்தலாவையில் திரும்பினால் கடலாதெனிய விகாரையும், அதைத் தாண்டி லங்காதிலக்க விகாரையும் வரும். கண்டியிலேயே ஓர் ஆட்டோவை இரண்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் மரத்தூண் வேலைப்பாட்டுக்குப் பேர்போன எம்பக்கே தேவாலேயும் அதே வட்டத்தில்தான்.

கடலாதெனிய 1344இல் கட்டியது. பாறையின் மேல் முழுக்கக் கல்லால் எழுந்த கோயில், அதைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேசுவராசாரி. முன்மண்டபத் தூண்களில் ஆடுபவர்களையும் மேளம் அடிப்பவர்களையும் பார்க்கும்போது, உள்ளே சிவலிங்கம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தலை நீட்டுவோம். அமர்ந்திருப்பவர் புத்தர்.

லங்காதிலக்கவும் அதே காலம். பாறை முகட்டில் வெண்மையாக உயர்ந்து நிற்கும். முன்பக்கம் புத்தர், பின்பக்கத்தைச் சுற்றிக் கணபதி, முருகன், விபீஷணன் எனத் தெய்வங்களின் சன்னதிகள். கோயிலை ஒட்டிய பாறையில் நீண்ட கல்வெட்டு இருக்கிறது, சிங்களத்திலும் தமிழிலும். காப்பாளரிடம் கேட்டால் காட்டுவார். நிழல் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். சன்னதிகள் பூட்டியிருந்தாலும் அவரிடம் சாவி இருக்கும், திறந்து காட்டியதற்கு உண்டியலில் ஏதாவது போடுங்கள். பாறை வெயிலில் சுடும், செருப்பில்லாமல் நடக்க வேண்டியிருப்பதால் மத்தியானத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது.

அங்கிருந்து பிலிமத்தலாவைச் சந்திக்கு இறங்கிவிட்டால் கொழும்பு பஸ்கள் அடிக்கடி வரும். கட்டுநாயக்கவில் இரவு விமானம் இருப்பவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குள் சந்தியில் இருந்தால் அவசரமில்லாமல் போய்ச் சேரலாம்.